நனையாத அட்டை

முப்பது வருஷம் புனேயில், கோர்படியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் நிரப்பிய படிவங்களில் தப்புக் கண்டுபிடித்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. ஏரவாடாவில், வீடு வாசல் இல்லாமல் ஸ்டேஷனிலும் நடைபாதையிலும் படுத்துக்கிடக்கிற இளம்பிள்ளைகளுக்காக ஒரு விடுதி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் அவர்களுக்கு ஆதார், பான் கார்டு என்று ஒவ்வொன்றாக வாங்க உதவுகிறேன். "உனக்கு ஃபாரத்தைக் கண்டா சோறு தண்ணி வேண்டாமே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்யட்டும். படிவ விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தில்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கெடுக்கப் பார்த்தேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. ஈரோட்டுப் பக்கம் ஊர். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடித்த கையோடு, அவளைவிட இரண்டு மடங்கு வயதான சொந்தக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்க அப்பா நாள் குறித்துவிட்டார். மாட்டேன் என்றதற்கு அடி. ஒரு காலையில் கிடைத்த ரயிலில் ஏறி வந்துவிட்டாள். இரண்டு வருஷமாகப் புனேயில் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவி, கிடைத்த இடத்தில் தூங்கியிருக்கிறாள். என்னிடம் தமிழ் பேசக் கிடைத்ததால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டாள். கசார்வாடியில் ஒரு பட்டறையில் பேக்கிங் வேலை, தங்க இடமும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆதார் மட்டும் வேண்டும்.

புதிதாக விண்ணப்பித்தோம். நிராகரித்துவிட்டார்கள். ஆதார் மையத்தில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "காகூ, ஹிச்ச ஆதார் கார்ட் ஆதீச் ஆஹே" என்றாள். இவள் பேரில் ஆதார் ஏற்கெனவே இருக்கிறதாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னட்டி, எங்கிட்டயே பொய் சொல்லுதியா?"

"இல்லீங்கம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அஞ்சாவது படிக்கறப்ப ஸ்கூல்ல எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சு விரல் வெக்கச் சொன்னாங்க. பஸ் பாஸுக்குன்னு நெனச்சனுங்க" என்றாள். கண்ணில் பயம்.

பாவமாகிவிட்டது. விரலை வைத்து, பழைய எண்ணைக் கண்டுபிடித்து, ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பெயரும் பிறந்த தேதியும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. விலாசம் பழையது. அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பட்டறைக்கு அந்தத் தாளே போதும். அன்றோடு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம்.

இருந்தேனா? மழைக்காலம். விடுதிப் பிள்ளைகளின் தாள்கள் எல்லாம் நனைந்து, மடிப்பில் கிழிந்து, ஒட்டுப் போட்டுக் கிடக்கும். பிளாஸ்டிக் அட்டையாக வாங்கிவிட்டால் நனையாதே என்று, அவளிடம்கூடச் சொல்லாமல், வீட்டில் உட்கார்ந்து என் போனிலேயே அதற்கு விண்ணப்பித்துவிட்டேன். பதிவில் அவளுக்கு போன் எண் எதுவும் இல்லாததால் என் எண்ணைக் கொடுத்தேன். யார் என்னைக் கேட்டார்கள்?

மறுநாள் அவளிடம் பெருமையாகச் சொன்னேன். முகம் மலர்ந்தது. உடனே, "அட்டை எங்கீங்கம்மா வரும்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குத்தான் வரும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவில் இருக்கிற விலாசத்துக்குத்தான் போகும். பதிவில் இருப்பது அவள் அப்பா வீடு.

"உங்கப்பாவுக்குப் பொண்ணு உயிரோடதான் இருக்கான்னு தெரிஞ்சா தெரியட்டும், எந்த ஊர்னு எப்படித் தெரியும்?" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அன்று வீட்டுக்காரர் அதையும் உடைத்தார். "கவர்ல உன் நம்பர் இருக்குமே. இந்தக் காலத்துல நம்பரப் போட்டா பேரும் ஊரும் வந்து நிக்குது."

நிறுத்த வழியில்லை. அட்டை கிளம்பிவிட்டது. அது எங்கே போகிறது என்று போனில் பார்க்கலாம். பார்த்தேன், அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் பார்த்தேன். பெங்களூர் வந்தது. சேலம் வந்தது. அந்த ஊர்த் தபாலாபீசின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் விடுதிக்குப் போனபோது அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வேற ஊருக்குப் போயர்றனுங்கம்மா. எங்கப்பா வந்தார்னா இங்க இருக்கற மத்தவங்களுக்கும் தொந்தரவு."

"அரே, நில்லுட்டி! வேல என்னாவது? திரும்பவும் பிளாட்பாரத்துலயா கெடக்கப் போற?"

"கெடந்து பழக்கந்தானுங்களே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண். அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

"ஏனுங்க, போஸ்ட்மேன் பேசறனுங்க. ஆதார் கார்டு ஒண்ணு வந்திருக்குது. வூடு பூட்டிக் கெடக்குது, கவர்ல இந்த நம்பர் இருந்துதுங்க."

"யாரும் இல்லேன்னா திருப்பி அனுப்பிருங்க" என்றேன், அவசர அவசரமாக.

"எதுக்குங்க திருப்போணும்? புள்ளையோட அப்பா டீக்கடைலதான் உக்காந்திருக்காரு. போற வழிதானுங்க, கைல குடுத்தர்றேன்."

"ஐயோ, வேண்டாம்! அவர்ட்ட மட்டும் கொடுக்காதீங்க!"

அந்தப் பக்கம் குரல் மாறியது. "நீங்க யாருங்க?"

என்ன சொல்வேன்? அத்தை என்று சொல்வதா, டீச்சர் என்று சொல்வதா? எந்தப் பொய் சொன்னாலும் அடுத்த நிமிஷம் டீக்கடையில் போய் நிற்கும். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணா, நான்தானுங்ணா."

போனில் கேட்டுக்கொண்டிருந்த அவர் வண்டியின் சத்தம் நின்றது.

"அம்மிணியா?"

"ஆமாங்ணா. அப்பாகிட்டக் குடுக்காதீங்ணா."

அவர் எங்கே இருக்கிறாய் என்று கேட்கப் போகிறார் என்று நான் பயந்து நின்றேன். கேட்கவில்லை.

"நல்லா இருக்கறயா?"

"இருக்கறனுங்ணா."

"சரி அம்மிணி" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

சரி என்றால் என்ன சரி? கொடுக்கமாட்டேன் என்பதா, பேச்சை முடிப்பதா? அவரும் அதே ஊர்க்காரர். தினமும் அந்த அப்பா முகத்தில் விழிக்கிறவர். நானும் அவளும் சாப்பிடவில்லை. அன்று பகல் முழுவதும் நான் போனைப் பார்த்தேன், அவள் வாசலைப் பார்த்தாள். தெருவில் யாராவது தமிழில் பேசினால்கூட அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

நாலரை மணிக்கு, அட்டை எங்கே என்று போனில் காட்டும் வரி மாறியது. ஆங்கிலத்தில் இருந்ததை அவளுக்குத் தமிழில் சொன்னேன். "இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது."

"தப்பிச்சோம்ட்டி!" என்று கத்தி, அவளைப் பிடித்து உலுக்கினேன். திங்கட்கிழமை கசார்வாடிக்குப் போகலாம், விலாசத்தை மாற்றிவிடலாம், இனி நீ கேட்காமல் ஒரு ஃபாரத்தையும் தொடமாட்டேன் என்று என்னென்னவோ பேசிக்கொண்டே போனேன்.

அவள் அசையவில்லை.

"இன்னொருக்கா படிங்கம்மா" என்றாள். படித்தேன்.

"அந்தண்ணன் என்னைய கவுன் போட்ட காலத்துலருந்து பாத்தவருங்கம்மா. எங்கம்மா செத்தப்ப தந்தியாட்டம் ஊரெல்லாம் போய்ச் சொன்னது அவருதான். அவரே எழுதிட்டாருங்க, அப்படி ஒருத்தி இல்லைன்னு."

நான் கேட்டது அதைத்தானே, நடந்ததும் நல்லதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.