நாற்பத்தொன்றாம் எண்

மின்சாரம் இல்லாத மாலைகளில் கைப்பேசியில் ஆப்பிரிக்க நாவல்கள் படிப்பேன். விடுதலை பெற்ற நாடுகள், புதிய மந்திரிகள், பழைய பசி. படித்து முடித்ததும் நோட்டில் பட்டியல் போடுவேன்: மந்திரி என்ன எடுத்தார், போலீஸ்காரன் என்ன எடுத்தான், குமாஸ்தா எதற்கு வளைந்தான். குமாஸ்தாக்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். மந்திரிக்குப் பேராசை, இவனுக்கு என்ன கேடு என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

பர்மாவில், தின்கன்ஜூனில் எங்கள் வார்டிலும் ராணுவத்துக்கு ஆளெடுக்கும் குலுக்கல் வந்தது. இளைஞர்களின் பெயர்களை வார்டு தலைவர் கையால் எழுதி வைத்திருந்தார். நான் கணினி படித்தவள் என்று அவருக்குத் தெரியும்.

“தமீ, இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு” என்றார் பர்மியில். மகளே என்று அழைப்பது அவர்கள் வழக்கம். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, “அடிக்கும்போது ஒரு பேரு விட்டுப்போறது சகஜம்தான்” என்றார்.

என் தம்பி நாற்பத்தொன்றாம் எண். அந்த வரியை நீக்கினேன். கீழிருந்த பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் எண் மேலே ஏறின. இடைவெளி தெரியவில்லை. சுத்தமான வேலை.

“பேர எடுத்துட்டியாக்கா?” என்றான் தம்பி. “அப்ப இங்க ராத்திரி தங்க, விருந்தாளின்னு வார்டு ஆபீஸ்ல பதியணுமா?” வெளியாள் ஓர் இரவு தங்கினாலும் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம்.

பல வாரங்களுக்குப் பிறகு அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

குலுக்கலில் நாற்பத்தொன்று வந்தது. மாடிவீட்டு அத்தையின் ஒரே மகன். கையெழுத்துப் பட்டியலில் அவன் நாற்பத்திரண்டு.

அன்று மாலையே அத்தை படியிறங்கி வந்தார். “ஒன் தம்பிக்கு வரலயாமே. அவனாவது இருக்கட்டும்மா” என்றார். “நீ படிச்ச புள்ள. எனக்கு நெஞ்சுவலி, அவன விட்டா ஆளில்லன்னு ஒரு மனு அடிச்சு நீயே குடுத்துரு. நீ சொன்னா அவரு கேப்பாரு.”

பிழையில்லாமல் அடித்து எடுத்துப் போனேன். தலைவர் முழுவதும் படித்தார்.

“விட்டுரலாம், தமீ. ஆனா எண்ணிக்கை குறையக் கூடாதே. இவன் எடத்துக்கு ஒன் தம்பியப் போடவா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. மனுவைத் திரும்ப வாங்கி இரண்டாக மடித்தேன். அது என் பட்டியல் நோட்டுக்குள் இன்னும் இருக்கிறது.

அத்தை படியிலேயே காத்திருந்தார்.

“குடுத்துட்டேன் அத்த” என்றேன்.