கிளாரினெட்டுக்குள் மஞ்சள் பூ

மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிளாரினெட் வாசிக்கிறவர் குழலைக் கழற்றித் துடைத்தபோது ஈரத்துணியும் தேங்காயெண்ணெயும் கலந்த வாடை வந்தது. பட்டுப்புடவை உடுத்தியிருந்தும் என் கை தானாக மடியை மறைத்தது. எழுபதுகளில் செங்கல்பட்டில் நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பாவின் பேண்டு செட் இருந்த ஒற்றை அறையின் வாடை அது. அங்கே இப்போது செல்போன் கடை.

ஏதாவது சுரம் அடைத்துக்கொண்டால் நைனா முதலில் ஊதுவாயில் இருக்கிற நாணல் சீவலான ரீடை நாக்கில் நனைப்பார், பிறகு துளைகளின் ஒவ்வொரு மூடிக்கும் அடியில் சிகரெட் தாளைச் செருகி, அழுத்தி, இழுப்பார், தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் காற்று ஒழுகுகிறது என்று அரக்கை உருக்கி மூடியைச் சரிசெய்வார், அதுவரை நாங்கள் இருமினால்கூடக் கோபம் வரும்.

என் வகுப்புத்தோழி செல்வியின் அக்கா கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு நடுத்தெருவில் போகும்போது குழல் அடைத்துக்கொண்டது. ரீடை மாற்றினார், தாளைச் செருகினார், ஒன்றும் பலிக்கவில்லை. ஊர்வலமே நின்றுவிட்டது.

"இன்னா மாஸ்டரு, கொழலுக்கு ஜல்ப்பு புடிச்சிக்கிச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

நைனா குழலைக் கழற்றி, ஒரு குடைக்கம்பியை வாங்கி உள்ளே விட்டுக் குத்தினார். துடைக்கிற துணி ஒன்று சுருண்டு வெளியே வந்தது. பச்சையில் மஞ்சள் பூப் போட்ட துணி.

"தோ பாருப்பா, இதுதான் மாட்டிக்கினு இருந்துது!" என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விரித்துத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. செல்வி மட்டும் துணியைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

அம்மா என் பாவாடையில் கிழிந்த ஓரத்தை வெட்டித்தான் நைனாவுக்குக் கொடுத்திருந்தாள். மீதியை நான் உடுத்தியிருந்தேன்.