இடம் மாறிய பூக்கடைகளும் என் இருக்கைப் பட்டியலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரி போனேன். ஊர் சுற்ற அல்ல, மேலாளர்களுக்கான ஒருநாள் பயிற்சிக்கு. தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். புதிய கணினி முறை வருகிறது என்று ஆறு ஊழியர்களின் இருக்கைகளையும் மாற்றி, வெள்ளி மாலை வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டேன். பத்து நிமிடத்தில் கலாவின் பதில்: "திங்கக்கிழமைல இருந்து நான் வரல மேடம்." பன்னிரண்டு வருட அனுபவம். கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவார். அவர் போனால் நான் தொலைந்தேன்.

காலை 5.15க்குத் தாம்பரத்தில் பஸ், 190 ரூபாய், சுமார் 130 கிலோமீட்டர். 8.20க்கு இறங்கினேன். வழியெல்லாம் கலாவை அழைத்தேன், எடுக்கவில்லை. திண்டிவனத்தில் வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போனது.

பயிற்சி கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில். மாற்றம் என்றதும் மூளை முதலில் பயப்படும், அந்த நேரத்தில் எந்த விளக்கமும் உள்ளே ஏறாது என்றார் பயிற்சியாளர். அவர் சொன்னதே எனக்கு ஏறவில்லை. மேசைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12.45க்குச் சாப்பாட்டு இடைவேளை. உட்கார முடியாமல் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தேன், பதினைந்து நிமிடம். கூரை வேலைக்காகப் பூக்கடைகளை எதிர் வரிசைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்று இடம் பிரித்துக் கொடுத்தவர் வசந்தி, அவரும் பூக்காரர்தான். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"சண்டை வரலையா?"

"வராம இருக்குமா? எடத்த அப்புறம் பாத்துக்கலாம், யாரு பக்கத்துல யாரு ஒக்காரணும், அத மொதல்ல சொல்லுங்கன்னுட்டேன். நான் சாப்புடப் போனா பக்கத்துல இருக்கறவதானக்கா யாவாரத்தப் பாக்கறா? அவ இல்லன்னா எனக்குப் பயமா இருக்காதா?"

எனக்குச் சுருக்கென்றது. கணினியைக் கண்டு கலா பயப்படுகிறார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அங்கேயே நின்று குரல் செய்தி அனுப்பினேன்: "கலா, அந்த லிஸ்ட்ட ரத்து பண்ணிட்டேன். உங்க பக்கத்துல யார் இருக்கணும்னு கேக்காம விட்டது என் தப்பு."

இரண்டேகாலுக்குப் பதில் வந்தது. "மூணரைக்கு பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரப் போனா பக்கத்து சீட்டு பாத்திமாதான் என் கவுண்டரப் பாத்துக்குவா. அவளக் கொண்டுபோய் அந்தக் கோடில போட்டீங்களே மேடம்." வருவேன் என்று சொல்லவில்லை. 5.10 பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போங்கள், மதியம் வெயில் தாங்காது. ஊழியர்களைக் கலங்கடிக்கும் அறிவிப்பை அனுப்பிவிட்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கலா வந்தார். பாத்திமா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.