மைனஸ் ரெண்டு

1. ஒட்டுசுட்டான்

மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெயம் அண்ணை மேடையின் பின்பக்கமாக வந்து, என்னுடைய அம்ப்ளிஃபயரின் வொலியூமைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டுப் போனார். ஒட்டுசுட்டானில் ஒரு கலியாண மண்டபம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவர்தான் எங்கள் இசைக்குழுவின் பொறுப்பாளர். பாட்டு முடியும்வரை சத்தம் வராத பேஸ் கிற்றாரை நான் வாசித்துக்கொண்டே நின்றேன். சனத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது.

"என்ன பிள்ளை, பாட்டு ஒரு பக்கம் போகுது, பேஸ் ஒரு பக்கம் போகுது? ஒத்திகையில வடிவாத்தானே வாசிச்சனி?" என்று பாட்டு முடிந்ததும் ஜெயம் அண்ணை கேட்டார்.

நான் வாயைத் திறக்கமுன் கீபோர்ட் வாசிக்கும் நிரோசன் அண்ணா முந்திக்கொண்டார். "இன்ரநெற்றில எவனோ எழுதிப்போட்ட நம்பரைப் பாத்து வாசிச்சா இப்பிடித்தான். பேஸை நான் இடக்கையாலயே போடுவன், அண்ணை. நாங்கள் போற வானிலயும் ஒரு சீற் மிச்சம்."

ஜெயம் அண்ணை யோசித்தார். "பளையில ஒருக்காப் பாப்பம். அங்கயும் உப்பிடியெண்டால் பேஸ் வேண்டாம், கீபோர்ட்டே காணும், என்ன பிள்ளை?"

குழுவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பளைக் கலியாணம் அடுத்த ஞாயிறு.

2. யாரில் பிழை?

பேஸ் பழக எனக்கு ஆசிரியர் கிடையாது. போனும் டாப்பும்தான். டாப் என்பது நான்கு கோடும் எண்களும். கோடு கம்பி, எண் விரல் வைக்கும் கட்டம், 0 என்றால் அழுத்தாமல் தட்டு. மேல்கோடு மெல்லிய கம்பி என்பதை அறியாமல் முதல் இரண்டு பாட்டையும் தலைகீழாகப் பழகியவள் நான். அது பிடிபட்டதும் வேகமாக ஓடினேன். ஒரு பின்னேரத்தில் ஒரு பாட்டு.

எனவே முதற் சந்தேகம் டாப்பில். பாட்டை ஓடவிட்டு எண் எண்ணாகச் சரிபார்த்தேன். ஓரிரு இடத்தில் எழுதியவர் குத்துமதிப்பாகப் போட்டிருந்தார், மற்றபடி சரி. அடுத்தது கம்பிகளில். வெயிலுக்கு இளகுகிறதோ என்று கிற்றாரை முற்றத்தில் வைத்து டியூனரைக் கவ்வவிட்டேன். சுருதி சரியென்று பச்சை லைற்தான் எரிந்தது.

மிச்சம் நிரோசன் அண்ணா. கிளிநொச்சியில், ஜெயம் அண்ணை வீட்டில் நடக்கும் ஒத்திகையில் எல்லாம் பொருந்துகிறது. மேடையில் மட்டும், அதுவும் சில பாட்டுகளில் மட்டும், நான் சுருதி விலகுகிறேன். அப்படியானால் மேடையில் ஒருவர் எதையோ மாற்றுகிறார். இடக்கையாலேயே பேஸ் போடுவதாகச் சொன்னவரைத் தவிர வேறு யாருக்கு அதில் ஆதாயம்?

பளையில் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். அதற்குக் கண் சும்மா இருக்கவேண்டும். வழக்கமாக மேடையில் என் கண் ஸ்ராண்டில் இருக்கும் போனைவிட்டு அசையாது. அந்தக் கிழமை முழுக்க எல்லா டாப்பையும் பாடமாக்கினேன்.

3. பளை

"ஏன் என்ர தோளில ஏறி நிக்கிறீர்?" என்றார் நிரோசன் அண்ணா.

"அங்கால ஸ்பீக்கர் இரையுது."

நம்பாத பார்வை ஒன்று பார்த்தார். நானும் பார்த்தேன். முதற் பாட்டு சரி. அதை ஜெயம் அண்ணை பாடினார். இரண்டாவது எங்கள் பாடகி மெரினா அக்காவுக்கு. அவா முல்லைத்தீவுக் கரைப் பக்கம். ஞாயிறு காலை தேவாலயப் பூசையில் பாடிவிட்டு பஸ் பிடித்து நேரே மண்டபத்துக்கு வருவா. ஒத்திகைக்கு வருவதில்லை, அங்கே அவாவின் பாட்டுகளையும் ஜெயம் அண்ணைதான் முனகுவார்.

பாட்டு தொடங்கமுன் நிரோசன் அண்ணாவின் விரல் ட்ரான்ஸ்போஸ் பட்டனுக்குப் போனது. ஸ்கிரீனில் -2. கட்டைகளைப் பழைய இடத்திலேயே அழுத்துவார், சுருதி மட்டும் இரண்டு கட்டம் கீழே வரும். பிடித்துவிட்டேன் என்று மனம் குதித்தது.

ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மெரினா அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவா ஒரு கையால் மைக்கைப் பிடித்திருந்தா. மறுகை பின்னால், சேலை மடிப்போடு, இரண்டு விரல்களைக் கீழே நீட்டியபடி.

கோபப்பட நேரமில்லை, ஒக்டபாட்டில் தாளம் தொடங்கிவிட்டது. எல்லா எண்ணிலும் இரண்டைக் கழித்தேன். பாட்டின் முதல் எண்ணே தடித்த கம்பியில் 0. அதற்குக் கீழே இறங்க இடமில்லை. தடித்ததிலிருந்து மூன்றாவது கம்பியைத் திறந்தபடி தட்டினேன். அதே சுரம், ஒரு ஸ்தாயி மேலே. பொருந்தியது. துள்ளல்களையெல்லாம் விட்டுவிட்டு, அடிச்சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு பாட்டைக் கரைசேர்த்தேன். ஜெயம் அண்ணை அம்ப் பக்கம் வரவில்லை.

பந்தியில் இருக்கும்போது மெரினா அக்காவிடம் கேட்டேன்.

"பூசையில பாடினால் தொண்டை கட்டிப்போடும், பிள்ளை. சனத்துக்கு முன்னால வாய்விட்டுச் சொல்லேலுமோ? விரலைக் காட்டுவன், உவன் இறக்குவான். கனகாலமா உப்பிடித்தான். நீ போனுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிண்டால் நான் என்ன செய்ய?"

நிரோசன் அண்ணா சோற்றைக் குழைத்தபடி, "உமக்குத் தெரியும்தானே எண்டு நினைச்சன்" என்றார்.

"ஒட்டுசுட்டானிலயும் நினைச்சனீங்களோ?"

அவர் அப்பளத்தை நொறுக்கினார். நான் வருமுன் குழுவில் சுருதி உள்ள கருவி கீபோர்ட் ஒன்றுதான்; ஒக்டபாட்டுக்கு ஸ்கேல் கிடையாது. எனவே வேறு யாருக்கும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அது நியாயம்தான். ஆனாலும் என் பேஸ் விலகியதைக் கேட்ட அன்று அவருக்குக் காரணம் தெரியாமலா இருந்திருக்கும்?

"அடுத்த கலியாணம் கனகராயன்குளத்தில, பிள்ளை வருதோ?" என்று ஜெயம் அண்ணை பந்தியின் மற்றத் தலைப்பிலிருந்து கேட்டார்.

"வாறன் அண்ணை. ஆனா நான் கீபோர்ட்டுக்குப் பக்கத்திலதான் நிப்பன்."

டாப் பார்த்துப் பழகுகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். எண்களை வீட்டிலேயே பாடமாக்குங்கள். மேடையில் போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாடகரின் கையைப் பாருங்கள். டாப் எழுதியவருக்கு உங்கள் பாடகியின் தொண்டையைத் தெரியாது. இப்போதெல்லாம் நிரோசன் அண்ணா எனக்குக் கேட்கும்படி "மைனஸ் ரெண்டு" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். நான் ஓம் என்று தலையாட்டுகிறேன். ஸ்கிரீனையும் எட்டிப் பார்க்கிறேன்.