முப்பத்து நான்கிலேயே நின்ற எண்

மூத்த பேரன் விருதுநகரில் மருந்துக்கடை திறந்துவிட்டான். இளையவன் அச்சகத்தில் மெஷின் பொறுப்பில் இருக்கிறான். பேத்தி முத்துமாரிக்குப் பெங்களூரில் பதவி உயர்வு. இதை நம் பட்டாசுக் கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான், போர்மேன் வேலுச்சாமி மாரடைப்பில் இறந்த செய்தி அதே குழுவில் வந்தது. எழுதியதை அழிக்கவில்லை. மிச்சத்தை அவருக்காக எழுதுகிறேன்.

படிக்கிற காலத்தில் முத்துமாரி நம் நாரணாபுரம் கம்பெனிக்கு ஒரு கருவி செய்து கொடுத்தாள். பட்டாசு மருந்து கலக்கும் அறையின் சூடு, போர்மேன் அறைத் திரையில் எண்ணாகத் தெரியும். அளவு மீறினால் மணி அடிக்கும். போன தீபாவளி சீசனில் ஒரு நாள் காலையிலிருந்து முப்பத்து நான்கு. உச்சி வெயிலிலும் அதே எண். மணி அடிக்கவில்லையே என்று நாங்கள் வேலை பார்த்தோம். போர்மேன் எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்.

"எம் பேத்தி செஞ்சதுல குத்தம் சொல்லுதீகளா?" என்று கேட்டேன்.

"மத்தியானத்துக்கும் காலைச் சூடா இருக்கும்? அது பேசலக்கா. பேசாததை நல்லா இருக்குன்னு நெனைக்கக் கூடாது."

"இப்படி மரத்தடியில உக்கார வச்சா இன்னைக்குச் சரக்கு லோடு போன மாதிரிதான்" என்றாள் பஞ்சவர்ணம்.

"திட்டுங்க தாயி. உசுரோட இருந்து திட்டுதீக, கேட்டுக்கிடுதேன்."

மருந்து அறைச் சுவரில் தொங்கிய பழைய பாதரச வெப்பமானியைப் போய்ப் பார்த்தார். முப்பத்தொன்பது, அளவைத் தாண்டியிருந்தது. அன்று வேலையை நிறுத்திவிட்டார். அவர் சொன்னது சரி என்று தெரிந்தும், பதினைந்து நாள் நான் அவரிடம் பேசவில்லை.

முத்துமாரி தேடிப் பார்த்தாள். அவள் எழுதியதில் பிழை இல்லை. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் ஒரு நெட்வொர்க் நிரலை அவள் சேர்த்திருந்தாள். கருவியிலிருந்து எதுவும் இல்லாத வெற்றுப் பதில் வந்தால், வெறுமையா என்று பார்க்காமலே அதைப் படிக்கப் போய் அந்த நிரல் நின்றுவிடுமாம். திரையில் பழைய எண் அப்படியே தங்கிவிடும். முதலில் வெறுமையா என்று பார்க்கும்படி இரண்டு வரி சேர்த்து அனுப்பினாள். நிரலைப் பராமரிப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிழையை முதலில் கவனித்தவர் சிவகாசிப் பக்கத்துப் போர்மேன் ஒருவர் என்றும் அந்தத் திருத்தக் குறிப்பில் எழுதியிருந்தாள்.

உங்களிடம் நான் சொன்னது, பேத்தி உலகத்துப் பிழையைத் திருத்தினாள் என்பதை மட்டும்தான். போர்மேனை விட்டுவிட்டேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு, "கெட்டிக்காரப் புள்ள" என்றார். கண்டுபிடித்தவர் அவர்தான். அன்று உள்ளே இருந்த பதினோரு பேரும் தெரிந்துகொள்ளுங்கள்.

பேத்தியிடமிருந்து போன் வராவிட்டால் வேலையாக இருப்பாள் என்று முன்பெல்லாம் இருந்துவிடுவேன். இப்போது நானே கூப்பிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

அஞ்சலித் தட்டியில் அவருடைய ஆதார் அட்டைப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஆளே தெரியவில்லை. யாரிடமாவது அவர் சிரிக்கிற புதுப் படம் இருந்தால் இங்கே போடுங்கள்.