கேஸ் டப்பாவுக்குக் கிடைத்த நிழல்

அப்பா இன்றைக்கும் அந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்கிறார், வீடு வெடித்துச் சிதறாமல் அன்று தானே காப்பாற்றியதாக. அவர் ஆரம்பித்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். உட்கார்ந்திருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர் வடக்குப்பட்டைச் சுற்றிக் கம்பெனிகள் வந்த பிறகு, அப்பா எங்கள் மாடியில் தகரக் கூரை போட்டு ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டார். தென்காசிப் பக்கத்துப் பெண்கள் தங்கியிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குவார்கள். தூங்கப் பார்ப்பார்கள் என்பதுதான் சரி.

அக்னி நட்சத்திர வெயில். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே போன அப்பா போட்ட சத்தத்தில் நானும் ஓடினேன். தகரத்தை ஒட்டிய பலகையில், மடக்கு அடுப்பில் பொருத்துகிற சின்னக் கேஸ் டப்பாக்கள் நின்றன. ஒன்றைத் தொட்ட அப்பா கையை உதறினார்.

"இன்னாம்மா இது? கை வெக்க முடியல, இப்டி கொதிக்குது! சூடு ஏறினா வெடிக்கும்னு டப்பா மேலயே போட்டுக்கீது, படிக்கத் தெரியாது?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

"சமைக்கதுக்கு வேற எடம் தந்தியளா அண்ணாச்சி?" என்றாள் அந்தப் பெண்களில் மூத்த அக்கா. பிறகு குரலை இறக்கி, பாயில் சுருண்டு கிடந்த சின்ன அக்காவைக் காட்டினாள். "வெயில் தாழுத மட்டும் இவ கீழ படுத்துக்கிடட்டும். தல சுத்துதுங்கா."

"குடும்பம் இருக்கிற வூடும்மா. அதெல்லாம் சரிப்படாது."

டப்பாக்கள் மட்டும் கீழே வந்தன. "அடுப்பாண்ட வெக்காதடி, வெயில் படுற எடத்துலயும் வேணாம்" என்று அம்மா பதறினாள். கூடத்தில் வெயில் எட்டாத, காற்றோட்டமான மூலையாகப் பார்த்து வைத்தோம்.

மூத்த அக்கா பின்னாலேயே இறங்கி வந்து வாசலில் நின்று கத்தினாள்.

"டப்பாக்குச் சூடு ஆவாதுன்னா, நாங்க மட்டும் வேவலாமாங்கேன்?"

"புடிக்கலன்னா காலி பண்ணிகினு போ" என்றார் அப்பா.

பொழுது சாய்வதற்குள் சின்ன அக்கா நினைவிழந்து விழுந்தாள். மற்றவர்கள் ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் திரும்பி வரவில்லை. அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். அந்த மாதமே மற்றவர்களும் காலி செய்தார்கள். அதே தகரத்தின் கீழ் வேறு பெண்கள் குடிவந்தார்கள்.

அன்று கத்தி ஓய்ந்த பிறகும் மூத்த அக்கா வாசலை விட்டு நகரவில்லை. எங்கள் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். புது மின்விசிறி. கண் வைக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ராத்திரி அம்மாவிடம் சுற்றிப் போடச் சொன்னேன்.