ஐஸில் வைத்த ரத்தம்

அக்காவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளுமே உதடு பிளந்து பிறந்து, வாரம் தாண்டாமல் போய்ச் சேர்ந்தன. மதுரை டாக்டர், கணவன் மனைவி இருவரின் குரோமோசோமையும் பார்த்துவிடச் சொன்னார். குறை மகனிடம் இல்லையென்றால் அக்காவை அனுப்பிவிட்டு வேறு பெண் கட்டுவது என்று கம்பத்தில் அவள் மாமியார் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார்.

நான் அப்போது மதுரையில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். டி.என்.ஏ. இழை முழுக்க எதிர்மின்னூட்டம். சுருட்டினால் தன்னைத்தானே தள்ளும். நேர்மின்னூட்டமுள்ள ஹிஸ்டோன் புரதங்கள் அதை இழுத்துத் தம்மேல் சுற்றிக்கொள்வதால்தான், ஆள் உயரத்தைத் தாண்டும் இழை கண்ணுக்குத் தெரியாத செல்லுக்குள் அடங்குகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது சுற்று இன்னும் இறுகும். அப்போதுதான் குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பார்த்து, ஒன்றின் துண்டு இன்னொன்றில் ஒட்டி, பெற்றவரை ஒன்றும் செய்யாமல் பிள்ளையை மட்டும் பாதிக்கிறதா என்று சொல்ல முடியும். அதற்கு செல் உயிரோடு இருக்க வேண்டும்.

அக்கா மதுரைக்கே வந்து ரத்தம் கொடுத்தாள். மச்சானுக்குத் திராட்சைக் கிடங்கில் வேலை. பழம் வெட்டும் நேரத்தில் வர முடியாதென்று கம்பத்திலேயே ரத்தம் எடுத்துப் பழ வண்டியில் அனுப்பினார். ஐஸ் கூடாதென்று போனில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மனிதர் கிடங்கு ஃப்ரீசரில் வைத்திருந்து, ஐஸும் சுற்றி அனுப்பியிருந்தார். கட்டியாக வந்து சேர்ந்தது.

"பழமே ஐஸ் இல்லாட்டி கெட்டுப்போகுது மாப்ள. ரத்தம் கெட்டுப்போகாதா?" என்றார் போனில்.

செல்கள் செத்துவிட்டன. அக்காவிடம் குறையில்லை, மச்சான் ரத்தத்தில் எதையும் பார்க்க முடியவில்லை, மறுபடி வேண்டும் என்றது லேப்.

"எம் மகன் ரத்தத்துல ஒண்ணுமே தெரியலன்னு அவுகளே சொல்லிட்டாக. இன்னும் எதுக்குக் குத்தணும்? ரெண்டு பேருக்கும் குறையில்லன்னா இவ ராசிதான் சரியில்ல" என்றார் மாமியார். மச்சான் பழ வண்டி வந்துவிட்டதென்று கிடங்குக்குக் கிளம்பினார். நான் படித்த இயற்பியல் அந்த வீட்டில் காலணாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

அக்கா தேனிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மச்சானுக்கு மயிலாடும்பாறையில் பெண் எடுத்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தையும் அதே பிளந்த உதட்டோடு பிறந்து, அதேபோல் இறந்தது.

சேதி கேட்டதும் எனக்குள் குரூரமாக ஒரு திருப்தி வந்தது. நேராக அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இப்பவாச்சும் ஒம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சிருக்கும்ல."

அரிசி களைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கனடா இருக்கு?"

"அவுக அப்பா வீட்டுல" என்றேன். "ராசி இல்லாதவள்னு நேத்தே கொண்டுபோய் விட்டுட்டாக."